இந்தச் சக்கையை யாருக்குக் குடுக்க?

நடுவர் ஐயாவுக்கும், குலசேகரம் வாசகசாலை ஆண்டு விழாவுக்கு வந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். மணி பத்தரை ஆயாச்சு. பிள்ளைங்க மடியில கிடந்து ஒறங்குது. நேரா விஷயத்துக்கு வாறேன்.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைக்கு வழிகாட்ட வீட்டுப் பெரியவங்க போதுமா, பள்ளிக்கூடத்துல ஓர் ஆலோசகர் வேணுமா? வேணும்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின எதிரணித் தம்பி கைத்தட்டலை அள்ளிக்கிட்டுப் போனாரு. என்ன சொன்னாரு? "எங்க ஆச்சி முற்றத்துல உக்கார வச்சு ஒரு தம்ளர் சுக்குக்காப்பி குடுத்தா, மனசுல உள்ளதெல்லாம் வெளிய வந்துரும். இதுக்குப் போயி ஒரு ரூம், ஒரு மேசை, கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்க ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளமா?"

தம்பி, உங்க ஆச்சியை நான் கும்பிடுறேன். ஆனா அந்தக் கதவைப் பத்திச் சொன்னீங்க பாருங்க, அதை மட்டும் நான் விடப்போறதில்ல.

நான் 28 வருஷமா பள்ளிக்கூடத்துல கணக்குப் பாடம் எடுக்கிறவன். என்கிட்ட ஒரு பையன் பத்தாவது படிச்சான். முதல் பீரியடு கணக்கு. நான் போர்டு பக்கம் திரும்புவேன், அவன் தலை பெஞ்சுல சாஞ்சிரும். "என்னலே, ஒறக்கமா?" எழும்புவான். திரும்புவேன், சாஞ்சிருவான். ஆறு மாசம் இதே கதை. நான் அவனுக்கு வச்ச பேரு தூங்குமூஞ்சி. நான் வச்ச பேரை வகுப்பே கூப்பிட்டது. ராத்திரி முழுக்க போன் பாக்கான்னு நினைச்சேன்.

அந்த வருஷம் எங்க பெற்றோர் ஆசிரியர் கழகத்துல காசு சேத்து ஓர் ஆலோசகர் அம்மாவை வச்சோம். வாரத்துக்கு ரெண்டு நாள். விளையாட்டுச் சாமான் போட்டு வச்சிருந்த அறையை ஒதுக்கிக் குடுத்தோம். இவனைப் பிடிச்சு அங்க அனுப்பினேன்.

அந்த அம்மா அவன் கையைப் பாத்திருக்காங்க. நகக்கண்ணுல பால் காய்ஞ்சு கறுத்து ஒட்டியிருக்கு. குலசேகரத்துக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நடுவர் ஐயா வெளியூரு, அவங்களுக்காகச் சொல்றேன். ரப்பர்ல பால்வெட்டு வெயில் ஏறும் முன்னால நடக்கணும். குளிர்ச்சி இருக்கிறப்பதான் பால் நல்லா ஓடும். அதனால மூணு, நாலு மணிக்கே தலையில லைட்டைக் கட்டிக்கிட்டுத் தோட்டத்துல இறங்கணும். பட்டையைச் சாய்வாச் சீவணும். கொஞ்சம் ஆழம் கூடினா மரத்துக்குக் காயம். சொட்டுச் சொட்டா தேங்காய்ச் சிரட்டையில விழும். பொறவு ஒவ்வொரு சிரட்டையா எடுத்து வாளியில ஊத்தணும். ஆசிட் விட்டு உறைய வச்சு ஷீட் அடிக்கணும். அந்த வாடை சோப்புப் போட்டாலும் போவாது.

அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி. "மக்ளே, எத்தன மரம் வெட்டுவ?"

நான் ஆறு மாசம் கேட்டது "என்னலே ஒறக்கமா?" அவங்க கேட்டது "எத்தன மரம்?"

பையன் சொன்னான்: "அம்மைக்கு முந்நூறு மரம். அதுல நூறு நான்." சொல்லிட்டு அழுதிருக்கான்.

இப்ப உங்க கதவுக்கு வாறேன் தம்பி. அவனுக்க அப்பா கல்ஃபுல. மாசாமாசம் பணம் வருதுன்னு ஊர் பூராவும் பேச்சு. உண்மையில பதினோரு மாசமா பணமும் இல்ல, போனும் இல்ல. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு அம்மை சத்தியம் வாங்கியிருக்கா. வீட்டுல ஆச்சி உண்டு. முற்றமும் உண்டு. சுக்குக்காப்பியும் உண்டு. ஆனா அந்த ஆச்சி யாரு? அவனுக்க அப்பாவைப் பெத்தவ! மகன் சுகமா இருக்கான்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கிற தாய். அவகிட்ட இந்தப் பையன் என்னத்தைச் சொல்லுவான்? வேலியோரம் நாலு பேரு போற முற்றத்துல வச்சு எப்படிச் சொல்லுவான்? நாப்பத்தஞ்சு பிள்ளைங்க முன்னால என்கிட்டதான் சொல்லுவானா? சாத்தின கதவுக்குள்ளதான் சொன்னான்.

அந்தம்மா முதல் நாளே ஒண்ணு சொல்லியிருக்காங்க: "நீ சொல்றது வெளிய போவாது. உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்தினாலோ மட்டும் மறைக்க மாட்டேன்." அவன்கிட்ட சம்மதம் கேட்டுட்டுத்தான் அம்மையை வரச்சொன்னாங்க. தலைமையாசிரியரைப் பாத்து எங்க வகுப்புக் கணக்கை மூணாவது பீரியடுக்கு மாத்தினாங்க. காரணத்தை எனக்குக்கூட சொல்லல. அம்மையும் பையனும் என்கிட்ட வந்து சொன்னது பரீட்சை எல்லாம் முடிஞ்ச பொறவுதான். இன்னைக்கும் அந்தப் பையன் யாருன்னு தெரியாத மாதிரி, அவங்களைக் கேட்டுக்கிட்டுத்தான் சொல்றேன்.

2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலேயே எழுத்தறிவுல முதல் இடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், 91.75 சதவீதம். ஆனா பத்தாவது முடிச்ச பிள்ளைக்கு நாம சொல்ற வழி மூணுதான்: நர்ஸு, இன்ஜினியரு, கல்ஃபு. பத்தாவதுக்குப் பொறவு நாகர்கோவில் கோணத்துல உள்ள அரசு பாலிடெக்னிக்ல டிப்ளமோ படிச்சா, இன்ஜினியரிங்ல நேரா ரெண்டாம் வருஷம் சேரலாம்னு இந்தப் பையனுக்குச் சொன்னது அந்தம்மாதான். தூத்தூர், வள்ளவிளைப் பிள்ளைங்களுக்குக் கடல் ரத்தத்துல இருக்கு. கொச்சியில சிஃப்நெட்னு மத்திய அரசோட மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிலையம் இருக்கு, அங்க பத்தாவது முடிச்சவங்களுக்குக் கப்பல் செலுத்தவும் என்ஜின் பாக்கவும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்குன்னு எத்தனை வீட்டுல தெரியும்? தமிழ்நாடு அரசாங்கம் 2022 மார்ச்சுல பிள்ளைங்களுக்கு வழிகாட்ட 'நான் முதல்வன்' திட்டம் கொண்டு வந்தது. 14417-ன்னு பள்ளிக்கல்வி உதவி எண்ணும் இருக்கு. நல்லது. ஆனா போன் நகக்கண்ணைப் பாக்குமா?

அமெரிக்காவுல பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவருக்கு ஒருத்தர் வேணும்னு பரிந்துரைக்குது. நான் அவ்வளவு கேக்கல. பள்ளிக்கு ஒருத்தரைக் கேக்கேன். வாரம் அஞ்சு நாளும், வருஷா வருஷமும்.

ஏன் கேக்கேன்னா, எங்க காசு ஒரு வருஷத்துக்குத்தான் தாங்கிச்சு. மார்ச்சோட அந்தம்மா போயிட்டாங்க. அறையில மறுபடியும் பழைய வலையும் பந்தும். பத்தாவது ரிசல்ட்டு வந்து, சான்றிதழ் வாங்கப் பிள்ளைங்க வந்த அன்னைக்கு நல்ல மழை. மழையில வெட்டு கிடையாது. பையன் தோளுல ஒரு பலாச்சக்கையைச் சுமந்துக்கிட்டு நனைஞ்சு வாறான். வீட்டு மரத்துல காய்ச்சது. அம்மை குடுத்து விட்டிருக்கா. வந்தவன் ஆபீசுக்குப் போவல. நேரா அந்த அறைக்குப் போறான். பூட்டு கிடக்கு. நான் போயி பக்கத்துல நின்னேன்.

"கணக்குல 71 சார்"னான். பொறவு பூட்டைப் பாத்தான், என்னையப் பாத்தான்.

"சார், இந்தச் சக்கைய யாருக்குக் குடுக்க?"