நட்டத்துக்கு ஒரு கார்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்பார்கள். கார் கம்பெனிகள் சில சமயம் இதையே தலைகீழாகச் செய்கின்றன. குடும்பங்களுக்குக் கார் விற்றுப் பிழைக்கும் கம்பெனி, திடீரென்று கோடீஸ்வரர்கள் மட்டுமே வாங்கக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தும். போட்ட காசு அந்தக் காரில் திரும்ப வராது என்பது செய்தவர்களுக்கும் தெரியும்.

டொயோட்டாவின் லெக்சஸ் எல்எஃப்ஏ காரை எடுத்துக்கொள்வோம். 2010 கடைசியிலிருந்து 2012 கடைசி வரை, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் 500 கார்கள்தான் செய்தார்கள். அமெரிக்காவில் விலை 3,75,000 டாலர். எஞ்சின் 0.6 நொடியில் நிமிடத்துக்கு 9,000 சுற்று என்ற வேகத்தைத் தொட்டுவிடும். சுற்றைக் காட்டும் நிஜ முள் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்காது என்று, திரையில் முள்ளைப் படமாக ஓடவிட்டார்கள். எஞ்சின் சத்தத்தை மெருகேற்ற, பியானோ செய்யும் யமஹாவைக் கூப்பிட்டார்கள்.

சரி, எதற்கு இத்தனை பாடு? லெக்சஸ் என்றால் சொகுசு, அமைதி, கொஞ்சம் சலிப்பு என்று பெயர். அந்தப் பெயரை விளம்பரம் கொடுத்து மாற்ற முடியாது. ஷோரூமில் எல்எஃப்ஏவை வாய்பிளந்து பார்க்கிறவர் பக்கத்தில் நிற்கும் சாதாரண காரைத்தான் வாங்குவார். ஆனால் அதைக் கொஞ்சம் பெருமையோடு வாங்குவார்.

இது எப்போதும் பலிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஹோண்டா 2016இல் மறுபடி கொண்டுவந்த என்எஸ்எக்ஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார், உலகம் முழுக்க 3,000கூட விற்கவில்லை. ஆறே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பெருமையைவிடப் பட்டறையில் நடப்பதுதான் பெரிய வரவு. எல்எஃப்ஏவை முதலில் அலுமினியத்தில் செய்யத்தான் நினைத்தார்கள். பாதி வழியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, எடை குறைந்த, ஆனால் உறுதியான கார்பன் இழைக்கு மாறினார்கள். இழையைக் குழாய் வடிவில் பின்ன வட்டத் தறி ஒன்று வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், டொயோட்டாவின் பூர்வீகத் தொழிலே தறிதான். சகிச்சி டொயோடா 1926இல் தொடங்கிய தானியங்கித் தறிக் கம்பெனியிலிருந்துதான் கார்த் தொழிலே கிளைத்தது.

இப்படிக் கற்றதை 500 கார்களுக்காக மட்டும் யாரும் கற்பதில்லை. எல்எஃப்ஏ முடிந்ததும் அது உருவான மோட்டோமாச்சி பட்டறையைப் பூட்டிப் போடவில்லை. அப்புறம் அங்கேதான் ஹைட்ரஜனில் ஓடும் மிராய் காரைச் செய்தார்கள். மிராயின் ஹைட்ரஜன் தொட்டியைச் சுற்றியிருப்பதும் கார்பன் இழைதான்.

நன்றி, வணக்கம்.