ஏஜென்ட் உரிமம் இல்லாமல் எம்.எல்.எஸ். தரவு கிடைக்குமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கம் பிளேனோவில் வசிக்கும் நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். காலின் கவுண்டியில் எந்தத் தெருவில் என்ன விலைக்கு வீடுகள் கைமாறுகின்றன என்று அலசிப் பார்க்க ஒரு செயலி எழுத ஆசை. விற்பனைக்கு வரும் வீடுகளின் விவரத்தைத் திரட்டி வைத்திருக்கும் எம்.எல்.எஸ். (மல்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்) அமைப்புக்குத் தரவு கேட்டு எழுதினேன். நீங்கள் உரிமம் பெற்ற ரியல் எஸ்டேட் ஏஜென்ட் இல்லையே என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். பணம் கட்டவும் தயார். வேறு வழி உண்டா?"

பணம் கட்டத் தயார் என்று சொல்கிறீர்கள் பாருங்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எம்.எல்.எஸ். என்பது அரசு அலுவலகமும் அல்ல, தரவை விற்கும் கடையும் அல்ல. "என்னிடம் விற்கிறவர் இருக்கிறார், உன்னிடம் வாங்குகிறவர் இருக்கிறார், விவரத்தைப் பகிர்ந்துகொள்வோம்" என்று ஒரு வட்டாரத்துப் புரோக்கர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைதான் அது. அமெரிக்கா முழுமைக்கும் ஒரே எம்.எல்.எஸ். கிடையாது, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை உள்ளூர் ரியல்டர் (ரியல் எஸ்டேட் தரகர்) சங்கங்களுக்கோ புரோக்கர் நிறுவனங்களுக்கோ சொந்தமானவை. ஆகவே பணம் கையில் இருக்கிறதா என்பதைவிட, உங்களுக்குப் பின்னால் எந்தப் புரோக்கர் நிற்கிறார் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். வீடு தேடுவோர் பார்க்கும் பெரிய இணையதளமான ஜில்லோவே இதற்குச் சாட்சி. ஊர் ஊராக ஒப்பந்தம் போட்டு லிஸ்டிங், அதாவது விற்பனைக்கு வந்த வீடுகளின் விவரம், வாங்கிக்கொண்டிருந்த அந்த நிறுவனம், கடைசியில் தானே புரோக்கர் உரிமம் பெற்று எம்.எல்.எஸ்.களில் உறுப்பினராகி, 2021 ஜனவரி முதல் படிப்படியாக ஐ.டி.எக்ஸ். (இன்டர்நெட் டேட்டா எக்ஸ்சேஞ்ச்) என்ற, உறுப்பினர்களுக்கான தரவு வழிக்கு மாறியது. அத்தனை பெரிய நிறுவனமே வரிசையில் வந்து நின்ற இடத்தில், தனி ஆளாகப் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நேரான வழி, உறுப்பினராக உள்ள ஒரு புரோக்கரோடு சேர்ந்து போவது. புரோக்கர், எம்.எல்.எஸ்., செயலி எழுதும் நீங்கள் என மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒன்று இருக்கும். அது முடிந்த பிறகு ரெசோ வெப் ஏ.பி.ஐ. (ஒரு செயலி இன்னொரு அமைப்பிடம் தரவு கேட்டுப் பெறும் வழி) என்ற பொதுத் தரத்தின்படி தரவு உங்களுக்கு வந்து சேரும். 'ரெட்ஸ்' என்ற பழைய முறையில் எழுதப்பட்ட பாடங்கள் இணையத்தில் இன்னமும் கிடக்கின்றன, அவற்றைப் பார்த்துத் தொடங்கிவிடாதீர்கள். ஆனால் கையெழுத்திடும் முன் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஐ.டி.எக்ஸ். அனுமதி என்பது, புரோக்கரின் இணையதளத்தில் லிஸ்டிங்குகளைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக ஏற்பட்டது. அந்தத் தரவைத் தனியே சேமித்து, அலசி, வேறொரு பொருளாக விற்பதற்கு அதில் பொதுவாக இடமில்லை. இன்னொரு வகை 'வி.ஓ.டபிள்யூ.' (வர்ச்சுவல் ஆபீஸ் வெப்சைட்) எனப்படுவது. வாடிக்கையாளராகப் பதிவு செய்துகொண்டவருக்கு, நேரில் ஏஜென்ட் காட்டக்கூடிய கூடுதல் விவரங்களை இணையத்திலும் காட்ட வழி செய்வது அது. இணையப் புரோக்கர்களுக்கு விவரம் மறைக்கப்படுகிறது என்று அமெரிக்க நீதித் துறை 2005-இல் தேசிய ரியல்டர் சங்கத்தின் மீது தொடுத்த வழக்கு 2008-இல் சமரசமான பிறகுதான் இந்த வழி உறுதிப்பட்டது. இதற்கும் நடுவில் ஒரு புரோக்கர் இருந்தே ஆக வேண்டும்.

நானே உரிமம் எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். டெக்சாஸில் 180 மணி நேர வகுப்பு, அதன் பின் தேர்வு, அதற்கும் பிறகு உங்களைத் தம் பெயரின்கீழ் ஏற்றுக்கொள்ள ஒரு புரோக்கர், அதற்கும் மேலே எம்.எல்.எஸ். சந்தா. இத்தனையும் தாண்டி உள்ளே போனாலும், எடுத்த தரவை இஷ்டம்போல் செயலியில் கொட்டிவிட முடியாது. விதிகள் உறுப்பினரையும் கட்டும். எச்1பி விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: உங்களுக்கு விசா எடுத்துத் தந்த நிறுவனத்தைத் தவிர வேறிடத்தில் உழைத்துக் கமிஷன் வாங்க அனுமதி இல்லை.

எம்.எல்.எஸ். உறுப்பினரான நண்பரின் கடவுச்சொல்லைக் கடன் வாங்கும் யோசனையை நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். வீடு தேடிக்கொண்டிருந்தபோது, ஏஜென்டாக இருந்த நண்பர் ஒருவரிடம் கேட்டேன். "அபராதமும் எனக்கு, உறுப்பினர் பதவி போனால் அதுவும் எனக்கு" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டு, அன்று மாலையே அந்தக் குடியிருப்பில் முந்தைய ஆறு மாதங்களில் விற்ற வீடுகளின் பட்டியலை, விற்ற விலையோடு, வாடிக்கையாளர் பக்கத்தின் வழியாக எனக்கு அனுப்பி வைத்தார். ஒரே ஒரு வீடு வாங்குவதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. வாங்கும் எண்ணம் மட்டும் உள்ளவர்கள் ஏ.பி.ஐ. தேடி அலையாமல், ஏஜென்டிடம் இந்தப் பட்டியலைக் கேட்டாலே போதும்.

நம் நேயருக்கு வேண்டியது அதுவல்ல. அவருக்கு ஊர் முழுவதும் விற்ற விலை வேண்டும். டெக்சாஸில் இருப்பதால் அவருக்குச் சிக்கல் இரட்டிப்பு. நம் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருப்பதால் பத்திரத்தில் கிரயத் தொகையை எழுதியே ஆக வேண்டும். நியூ ஜெர்சியிலும் சொத்து கைமாறும்போது விலையை வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆகவே விலை பதிவாகிறது, பொதுமக்களும் பார்க்கலாம். டெக்சாஸில் அப்படியொரு வரியே கிடையாது. விலையைச் சொல்லும் கட்டாயமும் இல்லை. கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கும் "பத்து டாலரும் மதிப்புள்ள பிற பிரதிபலனும்" பெற்றுக்கொண்டு விற்றதாக எழுதியிருக்கும். முதன்முதலில் அதைப் படித்தபோது தட்டச்சுப் பிழை என்றே நினைத்தேன். ஆனால் அதோடு பதிவாகும் 'டீட் ஆஃப் டிரஸ்ட்' என்ற கடன் பத்திரத்தில் வங்கி கொடுத்த தொகை தெளிவாக இருக்கும். கடன் 4,00,000 டாலர் என்று இருந்து, வாங்கியவர் 20 சதவீதம் கையிலிருந்து போட்டிருந்தால், விலை 5,00,000 என்று கணக்கிடலாம். அவர் 5 சதவீதமே போட்டிருந்தால் விலை ஏறக்குறைய 4,21,000 ஆகிவிடும். ஆகவே இது ஊகம்தான். ரொக்கமாக வாங்கியவருக்கு அந்த ஊகமும் கிடையாது.

இன்னொரு ஜன்னல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. சொத்து வரிக்காக உங்கள் வீட்டுக்கு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற மதிப்பீட்டு அலுவலகம் போட்ட மதிப்பை எதிர்த்து ஆண்டுதோறும் முறையீடு செய்யலாம். பொதுவாக மே 15 கடைசி நாள். முறையிட்டவர் கேட்டால், விசாரணைக்கு 14 நாள் முன்னதாக, அலுவலகம் தன் தரப்பில் காட்டப்போகும் ஆதாரங்களைத் தர வேண்டும் என்பது டெக்சாஸ் வரிச் சட்டம். ஒப்பீட்டுக்கு எடுத்த வீடுகளின் விற்ற விலை அதில் இருப்பதுண்டு. ஆனால் அது உங்கள் வீட்டு வழக்குக்காகக் கொடுக்கப்படுவது. ஊருக்கெல்லாம் பரப்பிச் செயலி கட்டுவதற்காக அல்ல.

தளங்களிலிருந்து நிரல் எழுதி உறிஞ்சி எடுப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். விலை, பரப்பளவு போன்ற வெறும் தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் படங்களுக்கும் வர்ணனைக்கும் பதிப்புரிமை உண்டு. தளத்தின் நிபந்தனைகளை மீறினால் ஒப்பந்த மீறல் வழக்கும் வரலாம். பொழுதுபோக்காகத் தொடங்கும் செயலிக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே இந்த வரிசையில் தொடங்குங்கள். காலின் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் மதிப்பீட்டுத் தரவை இறக்கி, வீடு, கட்டிய ஆண்டு, பரப்பளவு, மதிப்பு ஆகியவற்றை அடித்தளமாக வையுங்கள். ஜில்லோவும் அதைப் போன்ற இன்னொரு தளமான ரெட்ஃபினும் இலவசமாக வெளியிடும் வட்டார அளவிலான விலைப் போக்கை அதன்மேல் ஏற்றுங்கள். இயங்கும் ஒரு மாதிரி கையில் வந்ததும், சொந்தமாகத் தொழில் நடத்தும் சிறு புரோக்கர் ஒருவரை அணுகி, "உங்கள் வாடிக்கையாளருக்கு இதைக் காட்டலாமா, எம்.எல்.எஸ். ஒப்பந்தத்தில் எந்த வகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், விற்ற விலையை நான் கணக்கில் எடுத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டுமா" என்ற மூன்றையும் கேளுங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்கென ஆட்கள் இருப்பார்கள். சிறு புரோக்கருக்குத்தான் உங்களைப் போன்ற ஒருவர் தேவைப்படுவார்.