வாயைத் திறக்காத பாடகன்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மனத்துக்கு நெருக்கமான குரல் குண்டுக்கரிச்சான் குருவியுடையதா, மரத்தவளையுடையதா? நான் தவளையின் பக்கம்.

விடியற்காலையில் குண்டுக்கரிச்சான் உச்சிக்கொப்பில் இருந்து பாடுவதை எதிரணித் தம்பி அழகாகச் சொன்னார். நல்ல பாட்டுத்தான். ஆனால் போகிற போக்கில், "நுணலும் தன் வாயால் கெடும்" என்று ஒரு கல்லை எறிந்துவிட்டு இருந்துவிட்டாரே, அதை விடமாட்டேன்.

தம்பி, கத்துகிற தவளையைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அதன் வாய் மூடியிருக்கும்! நுரையீரலின் காற்று குரல்வளையைத் தாண்டி வந்து தொண்டைப் பையை ஊதும், பிறகு உள்ளே திரும்பும். வாயைத் திறந்து பாடுவது உங்கள் குருவி. அந்தப் பாட்டுக்காகவே தென்கிழக்காசியாவில் குண்டுக்கரிச்சானைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், தன் வாயால் கெட்டது எது?

சரி, அந்தக் குருவி பங்களாதேஷின் தேசியப் பறவை. நான் சொல்லும் தவளையோ, முதுகில் உடுக்கு வடிவ அடையாளம் உள்ளது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒருநாள் சவர்க்கார நுரை போல ஒரு கட்டி. தும்புத்தடியோடு போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார். விரலால் தொட்டுப் பார்த்தோம்: மேலே காய்ந்த தோல், உள்ளே ஈரம். சில நாளில் நுரை இளகி, வாற்பேத்தைகள், அதாவது தவளைக் குஞ்சுகள், ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. இந்த வாற்பேத்தைகள் டெங்கு நுளம்பின் முட்டைகளைத் தின்னும் என்று 2013இல் நம் நாட்டு ஆய்வாளர்களே எழுதினார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது.

அப்புறம் ஏன் தடுத்தார்? அம்மா 1995 யாழ்ப்பாணப் போர் இடப்பெயர்வில் ஊரை விட்டு வந்தவர். கடற்கரை ரயில் சத்தத்தில் அவருக்கு நித்திரையே வராது. ஒரு மழை இரவு, குளியலறைப் பைப்புக்கு மேலே இருந்து தவளை கத்தத் தொடங்கியது. விரட்டப் போனேன். "பிள்ளை, லைற்றை நிப்பாட்டு. அது கத்தட்டும். வயல்கரையில படுத்த மாதிரிக் கிடக்கு" என்றார். காலையில் உங்கள் குண்டுக்கரிச்சான் பாடியபோதும் அம்மா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், நடுவர் அவர்களே. எத்தனை வருடத்துக்குப் பிறகு!

போன வருடம் அம்மா போய்விட்டார். மழை வந்தால் அந்தக் குளியலறை யன்னலை நான் இன்னும் சாத்துவதில்லை.