மணல் சல்லடை இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்

வணக்கம். இன்றைக்குக் கோபமும் இருக்கிறது, மகிழ்ச்சியும் இருக்கிறது. கோபத்தை முதலில் தீர்த்துக்கொள்கிறேன். கலங்கல் நீரை மணல் எப்படி வடிகட்டுகிறது என்று பேசிக்கொண்டிருந்தால், "மணல் ஒரு சல்லடை, அவ்வளவுதானே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டார். போன மாதம் முழுக்க நான் எதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்?

என் சோதனைக் கண்ணாடிக் குழாயில் இருக்கும் மணல் அரை மில்லிமீட்டர் பருமன். மணிகளுக்கு இடையே மிகக் குறுகலான இடுக்கே சுமார் 70 மைக்ரோமீட்டர் இருக்கும். நான் ஊற்றிய களிமண் துகளோ ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. கோட்டை வாசலில் எறும்பு சிக்குமா? இது சிக்குவது இல்லை, ஒட்டுவது.

ஒட்டுவதற்கு முதலில் நெருங்க வேண்டும். மிகச் சிறியவை நீர் மூலக்கூறுகள் இடிக்க இடிக்க அலைந்து மணியில் மோதுகின்றன. பெரியவை எடையால் படிகின்றன, இல்லையென்றால் போகிற போக்கில் உரசுகின்றன. இடையில், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டரில் இருப்பவைதான் நழுவுவதில் கெட்டிக்காரத் துகள்கள். நீர் வடிகட்டுதலை ஆராய்ந்த யாவ், ஹபிபியன், ஓமெலியா மூவரும் 1971-இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். துகளின் அளவுக்கு ஏற்ப மணியை எட்டும் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று காட்டும் அந்த வளைகோடு எனக்கு மிகவும் பிடித்தது. பாக்டீரியாக்கள் பலவும் கிட்டத்தட்ட அதே அளவு என்பதுதான் பிடிக்கவில்லை.

இனி குழாயை மூடும் அந்த ரப்பர் அடைப்பான்! மூன்று முறை ஒழுகியது. நாடா சுற்றினேன், மெழுகு தடவினேன், திட்டினேன். கடைசியில் பார்த்தால் விளிம்பில் ஒரே ஒரு மணல் மணி. அடைப்பானிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உப்புநீரில் கலக்கிய களிமண்ணை ஊற்றினேன். கீழே தெளிந்த நீர் வந்தது. உப்பு கொஞ்சம்தான், கூடினால் துகள்கள் தங்களுக்குள்ளேயே திரண்டு கட்டியாகிவிடும். சொல்ல மறந்துவிட்டேன், மணலை முன்பே அமிலத்தில் ஊறவைத்து அலசியிருந்தேன். மணியின் மேல் இரும்புத் துரு இருந்தால் அது நேர்மின்சுமையோடு களிமண்ணைத் தானாக இழுத்துக்கொள்ளும், சோதனை கெட்டுவிடும். சுத்தமான மணலும் களிமண்ணும் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பு அந்தத் தள்ளலின் எட்டத்தைச் சுருக்குகிறது. கிட்டே வந்துவிட்டால் துகளுக்கும் மணிக்கும் இடையிலான ஈர்ப்பு வென்றுவிடுகிறது.

அடுத்து காய்ச்சி வடித்த நீர். ஓட்டத்தின் வேகத்தை நான் தொடவே இல்லை, சத்தியமாக. கண்ணாடிக்குப் பின்னால் மணலில் களிமண் ஒட்டி வெளுத்திருந்த பட்டை அப்படியே கீழே நகர்ந்தது. குவளையில் பால் கரைத்தது போலக் கலங்கல்! உப்பு போனதும் பிடியும் போய்விட்டது. நான் போட்ட கூச்சல் பதிவாகியிருக்கிறது, வெட்டப்போவதில்லை.

அடுத்த முறை சோடியத்துக்குப் பதிலாகக் கால்சியம். அது மிகக் குறைவாக இருந்தாலே ஒட்டவைத்துவிடும். குழாயின் விளிம்பை இப்போதே துடைத்து வைத்துவிட்டேன்.