பூஸ்டரைக் கம்பத்து உச்சியில் கட்டுங்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டை வாடகையில்லாமல் தந்த பந்தல்காரர் அவர்களே (இவரை விட்டுவிட்டால் பாதிப் பேச்சில் ஒயரைப் பிடுங்கிவிடுவார்), சுண்டலுக்காகப் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வாரித் தந்ததற்காகத் தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. சால்வை வேண்டாம் என்றேன், போர்த்திவிட்டீர்கள். சரி, இருக்கட்டும்.

குறை இரைச்சல் பெருக்கியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தன் சத்தத்தை அதிகம் சேர்க்காமல், வருகிற சன்னமான சிக்னலைப் பெருக்கித் தரும் கருவி அது. இன்ஜினியர்கள் எல்.என்.ஏ. என்பார்கள். மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். இரைச்சல் எங்கிருந்து வருகிறது, பெருக்கியை எங்கே வைப்பது, பக்கத்திலேயே பலமான சிக்னல் இருந்தால் அது எப்படித் திணறும் என்பவை.

சூடு உள்ள எந்தக் கம்பியிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அந்தச் சலசலப்புதான் இரைச்சல். 1928-இல் ஜான்சன் என்ற விஞ்ஞானி அதை அளந்து காட்டினார், நைக்விஸ்ட் என்ற இன்னொருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வருகிற சிக்னலோ அற்பம். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் அனுப்புவது உங்கள் போனை எட்டும்போது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடிப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதைப் பெருக்க வந்த கருவியே சத்தம் போட்டால்? முதல் கோணல் முற்றும் கோணல்.

இங்கே எங்கள் அப்புச்சியை, அம்மாவின் அப்பாவை, சொல்லியாக வேண்டும். காங்கயம் பக்கத்துக் கிராமம். கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரம் 1987-இல் வந்தபின், அவர் வீட்டில்தான் ஊரின் முதல் டிவி. ஞாயிற்றுக்கிழமை படத்துக்குத் தெருவே வாசலில் பாய் விரித்துவிடும். வீட்டுக்கு உயரமாய் இரும்புக் குழாய், உச்சியில் ஆன்டெனா, ஆனால் திரை பூராவும் புள்ளி. கதாநாயகன் யார், வில்லன் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புச்சி சந்தைக்குப் போனவர் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்றை வாங்கிவந்து டிவிக்குப் பின்னாலேயே மாட்டினார். புள்ளிகள் இன்னும் பளிச்சென்று வந்தன! "ஏனுங் மாமா, மழைப் படமுங்களா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டுவிட்டார். அப்புச்சிக்குக் கோபம் தலைக்கேறி, "காசு குடுத்தா புள்ளியத்தான் பெருசாக்குது" என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தார். அந்நேரம் ரேடியோ மெக்கானிக் ஒருவர் வந்து, பூஸ்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு குழாயில் ஏறினார். பாட்டி கீழே நின்று, "சாமி, பாத்து, பாத்து" என்று கத்தினார். மெக்கானிக் ஆன்டெனாவை ஒட்டி அதைக் கட்டிவிட்டு இறங்கினார். படத்தில் முகம் தெரிந்தது. பாதிப் படம் ஓடிவிட்டதால் கதைதான் யாருக்கும் புரியவில்லை.

அதே பூஸ்டர்தான், இடம்தான் மாறியது. நீள ஒயரில் சிக்னல் கரைந்த பிறகு பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும். கரைவதற்கு முன்னால் பெருக்கிவிட்டால் ஒயர் தின்பது பெரிதாகத் தெரியாது. பெல் ஆய்வகத்து ஹெரால்டு ஃபிரிஸ் 1944-இல் இதற்குச் சூத்திரமே எழுதினார். முதல் பெருக்கியின் இரைச்சல் அப்படியே கணக்கில் ஏறும். இரண்டாவதன் இரைச்சல் முதலாவதன் பெருக்கத்தால் வகுபட்டுத்தான் ஏறும். முதலாவது நூறு மடங்கு பெருக்கினால் பின்னால் வருவது போடும் சத்தத்தில் நூறில் ஒரு பங்குதான் நம்மைத் தொடும். நம் மொட்டைமாடி டிஷ்ஷின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறதே எல்.என்.பி. என்கிற பெருக்கிப் பெட்டி, அது வெயிலிலும் மழையிலும் அங்கே தொங்குவது இதனால்தான். முதல் கோணல் முற்றும் கோணல் என்று நம் பாட்டிகள் சொன்னதைத்தான் ஃபிரிஸ் பின்னத்தில் எழுதினார் என்பேன்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினால் ஊட்டி முத்தோரையில் விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம்மவர்களே கட்டி, 1970 முதல் ஓடுகிறது. பூமியின் அச்சுக்கு இணையாக அமைய வேண்டும் என்று பதினொரு டிகிரி சாய்ந்த மலைச்சரிவாகத் தேடிப் பிடித்தார்கள். அதில் டைபோல் எனும் சிறு ஆன்டெனாக்கள் 1,056. பின்னாளில் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குறை இரைச்சல் பெருக்கி வைத்தார்கள். ஏற்காட்டையும் ஊட்டியையும் சுற்றிப் பார்க்கிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படகு சவாரி தெரியும்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, பந்தல்காரர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். இதே நூலகத்தின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அங்கே ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது, அதற்கொரு மன்றம் வைக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டத்தில் எல்லாம் கேட்கிறேன். சிலருக்குச் சலித்துப்போயிருக்கும், எனக்குச் சலிக்கவில்லை. மோட்டாரும் பம்பும் தறியும் செய்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பெருக்கியைச் சூட்டுக்கோலால் ஒட்டத் தெரியாதா? பள்ளிக்கூட வயதில் கையில் கொடுக்காமல், கல்லூரிக்குப் போனபின் புத்தகத்தில் படம் வரையச் சொன்னால், முதல் கோணல் முற்றும் கோணல்தான். பழைய டிஷ், கழித்துப்போட்ட எல்.என்.பி., சால்டரிங் அயர்ன் எல்லாம் நானே கொண்டுவருகிறேன். ஹாம் உரிமத் தேர்வுக்குப் பாடமும் நானே எடுக்கிறேன். கரண்டு பில்லை அரிமா சங்கத்துப் பெரியவர் ஏற்றுக்கொள்வதாகச் சற்றுமுன் காதில் சொன்னார். இப்போது எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன், இனி அவர் பின்வாங்க முடியாது.

தலைவர் அம்மா, மனு உங்கள் மேசையில் இருக்கிறது. சாவி நூலகரிடம் இருக்கிறது. ஒரு கையெழுத்துதான் பாக்கியுங்க.