நாமகிரி அம்மாளை உங்களுக்குத் தெரியுமா?

வணக்கம். ஏற்காடு லேடீஸ் சீட்டில் நிற்கிறேன். மணி ஆறரை. காற்று மைக்கில் அடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழே தெரிகிறதா, அதுதான் சேலம். இப்போதுதான் ஒவ்வொரு விளக்காக எரிய ஆரம்பிக்கிறது.

1900-ல் இந்த ஊருக்கு வக்கீல் தொழில் பார்க்க வந்தவர் ராஜாஜி. நிறைய சம்பாதித்தார். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். கடைசிக் குழந்தை லட்சுமி பால்குடி மறந்து சில வருடங்கள்கூட ஆகியிருக்காது, மனைவி இறந்துவிட்டார். ராஜாஜிக்கு நாற்பது வயதுகூட இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாத ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானார்.

லட்சுமியின் கதை பலருக்குத் தெரியும். காந்தியின் கடைசி மகன் தேவதாஸும் லட்சுமியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். சாதி வேறு. அவருக்கு 27 வயது, இவர் சின்னப் பெண். இரண்டு அப்பாக்களும் சேர்ந்து நிபந்தனை போட்டார்கள்: ஐந்து வருடம் பார்க்கக் கூடாது, கடிதமும் கூடாது, அதற்குப் பிறகும் மனசு மாறாவிட்டால் சரி. இருவருமே மாறவில்லை. 1933 ஜூனில், காந்தி 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்துத் தேறிக்கொண்டிருந்தபோது, புனேயில் கல்யாணம் நடந்தது. 24 வருடம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1957-ல் தேவதாஸ் இறந்தபோது கடைசி மகன் கோபாலகிருஷ்ண காந்திக்கு வயது 12. ராஜாஜி 1947-ல் மேற்கு வங்க ஆளுநராக இருந்தார் இல்லையா, அதே பதவிக்கு 2004-ல் போனவர் அந்தப் பையன்தான்.

பையன்களில் நரசிம்மன் கிருஷ்ணகிரி எம்.பி. அது அப்போது சேலம் மாவட்டம். அப்பா 1959-ல் காங்கிரஸை எதிர்த்து சுதந்திராக் கட்சி தொடங்குகிறார், மகன் காங்கிரஸ் எம்.பி.யாகவே இருக்கிறார். அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் நான் பேச வந்தது மூத்த பெண் நாமகிரியைப் பற்றி. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு அப்பாவின் வீடுதான். 1948-ல் ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனபோது டெல்லியில் அவ்வளவு பெரிய மாளிகையில் வந்தவர்களை உபசரித்தது நாமகிரி அம்மாள். அப்புறம் சென்னையில் கடைசிவரை, 1972 வரைக்கும், அப்பாவைக் கவனித்துக்கொண்டவரும் அவர்தான். சேலத்தில் இதுவரை பத்துப் பேரிடம் கேட்டுவிட்டேன், ஒருவருக்குக்கூட அந்தப் பெயர் தெரியவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

ஏனென்றால் எங்கள் பெரியத்தையும் அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறார். இருபத்திரண்டு வயதில் தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். தாத்தா பக்கவாதத்தில் படுத்த ஒன்பது வருடமும் மூன்று வேளையும் கஞ்சியை ஆற்றி, ஸ்பூனில் ஊட்டி, துண்டால் வாயைத் துடைத்துவிட்டது அவர்தான். தாத்தா இறந்தபோது ஒட்டிய போஸ்டரில் பேரன்கள் பெயர் எல்லாம் இருந்தது. அத்தை பெயர் இல்லை. எழுதிக் கொடுத்தது நான்.

இருட்டிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கவேண்டும். இறங்கினதும் நேராக அத்தை வீட்டுக்குத்தான் போகிறேன். சம்மதித்தால் அடுத்த வீடியோவில் அவரே பேசுவார், அவர் பெயரையும் அவரே சொல்லட்டும்.