அடுப்பெரிக்கக் கேட்ட காகிதம்

நேயர்களுக்கு வணக்கம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்கு வழிபாட்டுக்கு எபிரேயம். கடன் கேட்க, பேரம் பேச, பிள்ளையைத் திட்ட, தாலாட்ட எல்லாம் இத்திஷ் மொழி. அந்த இத்திஷில் எழுதியதை உயிரைக் கொடுத்துக் காத்த சிலரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

இன்றைக்கு லித்துவேனியாவின் தலைநகராக இருக்கும் வில்னாவில் 1925இல் 'யிவோ' என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். பெரிய மனிதர்களின் நூல்களோடு அவர்கள் நிறுத்தவில்லை. ஊர் ஊராகத் தொண்டர்கள் கிளம்பி, பாட்டி சொன்ன பழமொழி, கல்யாணப் பாட்டு, நாடக நோட்டீஸ் என்று கிடைத்ததையெல்லாம் அனுப்பினார்கள். ஒரு நாடக நோட்டீஸை யார் எடுத்து வைப்பார்கள், சொல்லுங்கள்! அவர்கள் வைத்தார்கள்.

1941இல் நாஜிகள் வந்தார்கள். யூதர்களைக் கெட்டோ என்ற, வெளியே போக முடியாத தனிக் குடியிருப்புக்குள் அடைத்தார்கள். யிவோவின் சேகரிப்பில் நல்லதாகப் பொறுக்கி ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைக் காகித ஆலைக்குப் போடச் சொன்னார்கள். பிரித்துக் கொடுக்கிற வேலை யாருக்கு? அந்தப் புத்தகங்களிலேயே வளர்ந்த யூத அறிஞர்களுக்கும் கவிஞர்களுக்கும். கெட்டோவில் அவர்களுக்குக் 'காகிதப் படை' என்று பெயர்.

சாயங்காலம் திரும்பும்போது சட்டைக்குள்ளும் இடுப்பிலும் தாள்களைச் செருகிக்கொண்டு வருவார்கள். கெட்டோ வாசலில் சோதனை. ஜெர்மன் அதிகாரி நின்றால் அடி நிச்சயம், உயிரும் போகலாம். ஒரு துண்டு ரொட்டிக்கு வழியில்லாதவர்கள் கடத்தியது காகிதத்தை, கவனியுங்கள்! ஆப்ரஹாம் சுட்ஸ்கேவர் என்ற கவிஞர் ஒரு படி மேலே போனார். "வீட்டு அடுப்புக்குக் கழிவுக் காகிதம் வேண்டும்" என்று ஜெர்மன் அதிகாரியிடமே கேட்டு, எழுத்திலேயே அனுமதி வாங்கிவிட்டார். அந்தச் சீட்டைக் காட்டித்தான் அரிய கையெழுத்துப் பிரதிகளைக் கட்டுக்கட்டாக உள்ளே கொண்டுபோனார். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் புதைத்தார்கள்.

படையில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சுட்ஸ்கேவரும் நண்பர் கச்செர்கின்ஸ்கியும் தப்பிக் காட்டுக்குப் போய், 1944இல் நகரம் விடுபட்டதும் திரும்பி வந்து தோண்டினார்கள். அத்தோடு முடிந்ததா? அடுத்துச் சோவியத் அரசு, அந்தத் தாள்களை வைத்திருந்த யூத அருங்காட்சியகத்தையே மூடியது. அப்போது ஆந்தானாஸ் உல்பிஸ் என்ற லித்துவேனிய நூலகர், யூதர் அல்ல, அந்தத் தாள்களை ஒரு பழைய தேவாலயத்தில் மற்ற நூல்களுக்கிடையே ஒளித்து வைத்தார். பல பத்தாண்டுகள் மூச்சு விடவில்லை! 2017இல்கூட ஒரு பெரிய குவியல் வெளிச்சத்துக்கு வந்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1952 ஆகஸ்ட் 12 இரவு மாஸ்கோவில் ஸ்டாலின் அரசு இத்திஷ் எழுத்தாளர்களைச் சுட்டுக் கொன்றதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. 1978இல் நோபல் பரிசு வாங்கிய இத்திஷ் எழுத்தாளர் ஐசக் பாஷெவிஸ் சிங்கர் ஸ்டாக்ஹோம் மேடையில் கொஞ்சம் இத்திஷிலேயே பேசினார். அவர் கதைகள் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும், தேடிப் படியுங்கள். வணக்கம்.